அகராதியில் தலைச்சொல்லின் மேலுள்ள சிறு எண்

ஆங்கில அகராதியில் 'பவுண்ட்' என்ற சொல்லைத் தேடினால், ஒரே எழுத்துக்கூட்டல் கொண்ட தலைச்சொல் (பதிவின் தொடக்கத்தில் நிற்கும், பொருள் விளக்கப்படும் சொல்) 1, 2, 3 என்ற சிறு எண்களுடன் தனித்தனிப் பதிவுகளாக வருவதைக் காணலாம். நம்மில் பலர் கவனிக்காமல் கடந்துவிடும் இந்த எண்கள், அவை பிறப்பால் வேறான சொற்கள் என்பதையே பெரும்பாலும் உணர்த்துகின்றன. பதிவுக்குள்ளே வரும் எண்களோ ஒரே சொல்லின் வெவ்வேறு பொருள்களைக் குறிப்பவை.

எடையைக் குறிக்கும் பவுண்ட், 'எடையில்' எனப் பொருள்படும் 'போண்டோ' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரு பவுண்ட் எடை வெள்ளியிலிருந்து 240 பென்னி நாணயங்கள் அடிக்கப்பட்டதால், அதே சொல் இங்கிலாந்தின் பணத்துக்கும் பெயராயிற்று. இன்று நகைக்கடையில் 8 கிராமைக் குறிக்க நாம் சொல்லும் 'பவுன்' இதன் வழிவந்ததே. 'லிப்ரா' என்ற லத்தீன் சொல்லின் சுருக்கமே இந்த எடைக்குரிய 'எல்பி' என்னும் குறியீடு என்பதால், அதில் 'பவுண்ட்' என்பதன் எழுத்துகளைத் தேடிப் பயனில்லை.

கட்டின்றித் திரியும் மாடுகளை அடைக்கும் பட்டியும், உரலில் இடிப்பதும் 'பவுண்ட்' எனப்பட்டாலும், இவை பழைய ஆங்கிலத்தின் வேறு வேர்களில் பிறந்தவை. இடித்தலைக் குறிக்கும் சொல்லின் இறுதியிலுள்ள 'ட்' ஒலி பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது.

சில அகராதிகள் ஒரே பிறப்புடைய பெயர்ச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும்கூடத் தனி எண் தருவதுண்டு. ஆகவே, பதிவிலுள்ள சொற்பிறப்புக் குறிப்பையும் சேர்த்துப் படித்த பிறகே முடிவுக்கு வருவது நல்லது.