பழைய சின்னக் கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் நம்பர் பிளேட்டைக் கேளுங்கள்

பிரிட்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே பலருக்குக் கார் தேவைப்பட்டுவிடும். காலை ஏழு மணி ஷிப்டுக்குப் போகும் நர்ஸ்களும், வீடு வீடாகச் சென்று முதியவர்களைக் கவனிக்கும் கேர் ஊழியர்களும் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பி இருக்க முடியாது. கையில் இருப்பதோ இரண்டாயிரம், மூவாயிரம் பவுண்ட். அதற்குப் பத்து, பதினைந்து வயதான சின்னக் கார்தான் கிடைக்கும். யாரைக் கேட்டாலும் "டொயோட்டா, ஹோண்டான்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கார் அந்த வயதுக்கு வந்த பிறகு எந்தக் கம்பெனி செய்தது என்பதைவிட, யார் கையில் எப்படி இருந்தது என்பதுதான் பெரிய விஷயம். அதில் பாதியை வீட்டில் உட்கார்ந்தே, காசில்லாமல் தெரிந்துகொள்ளலாம்.

இங்கே மூன்று வயதைத் தாண்டிய கார்கள் ஆண்டுதோறும் எம்ஓடி என்ற தகுதிச் சோதனையில் தேற வேண்டும். வட அயர்லாந்தில் மட்டும் நான்கு வயதிலிருந்து. அரசின் இணையதளத்தில் நம்பர் பிளேட்டைத் தட்டினால் காரின் முழு ஜாதகமும் வந்துவிடும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் கார்களுக்கு 2005 வரை பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். எந்தத் தேதியில் தேறியது, எதில் தோற்றது, அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது, எதைக் கவனிக்கச் சொன்னார்கள் என்று எல்லாமே அதில் இருக்கும். விளம்பரத்தில் நம்பரை மறைத்திருந்தால் விற்பவரிடம் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடலாம்.

அந்தப் பக்கத்தைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தோற்றதா, தேறியதா என்பதை மட்டும் பார்ப்பவர்கள்தான் அதிகம். உண்மையான கதை 'அட்வைசரி' என்ற குறிப்புகளில் இருக்கிறது. இப்போதைக்குப் பரவாயில்லை, கவனித்துக்கொள் என்று சோதிப்பவர் எழுதும் குறிப்பு அது. முன் பிரேக் டிஸ்க் தேய்ந்திருக்கிறது என்று ஒரு வருடம் எழுதி, அடுத்த வருடமும் அதையே எழுதி, மூன்றாம் வருடம் தோல்வி என்று இருந்தால், உரிமையாளர் சட்டம் பிடித்துத் தள்ளும்வரை ஒரு பென்னிகூடச் செலவழிக்காதவர். அவர் ஆயிலை மட்டும் நேரத்துக்கு மாற்றியிருப்பாரா? இன்னொரு காரில் ஒரு வருடம் வந்த குறிப்பு அடுத்த வருடம் காணாமல் போயிருந்து, அதற்கான ரசீதும் இருந்தால் அது நல்ல கை பட்ட கார். ஒன்றிரண்டு முறை தோற்றிருப்பது குற்றமே இல்லை. பல்பு போனதற்கும் வைப்பர் கிழிந்ததற்கும்கூடத் தோற்கும்.

மைல் கணக்கையும் வரிசையாகப் பாருங்கள். ஒரு வருடம் 82,000 காட்டி அடுத்த வருடம் 61,000 காட்டினால் மீட்டரில் கை வைத்திருக்கலாம், அல்லது எழுதியவர் தவறாக எழுதியிருக்கலாம். முன்பின் வருடங்களோடு ஒப்பிட்டால் எது என்று புரிந்துவிடும். குறைவாக ஓடிய கார் என்றாலே நல்லது என்ற நினைப்பும் வேண்டாம். வருடத்துக்கு ஆயிரம் மைல், அதுவும் கடைக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓடிய காரில் எஞ்சின் சரியாகச் சூடேறியே இருக்காது. பேட்டரி, எக்ஸாஸ்ட், டயர் எல்லாம் நின்றே கெட்டுப்போயிருக்கும்.

புத்தம் புதிய எம்ஓடியோடு விற்கிறார்கள் என்றால் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சோதனை எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்ப்பதில்லை. இந்த மூன்றும்தான் உங்கள் பர்ஸைக் காலி பண்ணக்கூடியவை.

எம்ஓடி குறிப்புகளில் துரு என்ற சொல்லைத் தனியாகத் தேடுங்கள். நம் ஊரில் காரைக் கெடுப்பது வெயிலும் மேடு பள்ளமும். இங்கே குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, காரை அடியிலிருந்து அரிக்கும். கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற தகடு, பின் ஆக்சில், பிரேக் பைப் ஆகிய இடங்களில் துரு என்று எழுதியிருந்தால் நேரில் போகும்போது டார்ச்சோடு போய்க் குனிந்து பாருங்கள். மேலாகப் படிந்த துருவைக் கண்டு பயப்பட வேண்டாம், பழைய காரில் அது இருக்கத்தான் செய்யும். தகடு உப்பியிருந்தாலோ, அழுத்தினால் உதிர்ந்தாலோ, அடிப்பகுதி முழுக்க இப்போதுதான் கறுப்புப் பூச்சு அடித்ததுபோல் பளபளத்தாலோ திரும்பி வந்துவிடுங்கள்.

எந்த மாடல் என்று கேட்காமல் விடமாட்டீர்கள். 2005 முதல் செக் நாட்டின் கோலின் நகரில் ஒரே ஆலையில் பிறந்த டொயோட்டா அய்கோ, சிட்ரோன் சி1, பெஜோ 107 மூன்றும் அடிப்படையில் ஒரே கார்தான். மூன்று சிலிண்டர் 1.0 பெட்ரோல் எஞ்சினும் ஒன்றே. எஞ்சினின் உள்பாகங்களை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயின் அதில் இருக்கிறது, அவ்வப்போது மாற்ற வேண்டிய பெல்ட் இல்லை. டொயோட்டா சின்னத்துக்குக் கூடுதல் பணம் கேட்டால், அதே பராமரிப்புள்ள சி1-ஐ நான் எடுப்பேன். இந்த மூன்றிலும் கிளட்ச்சையும், டிக்கி கார்ப்பெட்டுக்கு அடியில் தண்ணீர் நிற்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தலைமுறை ஹூண்டாய் ஐ10 நம்பிக்கையான கார். இங்கே விற்றவை சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் செய்து கப்பலேறி வந்தவை என்பது ஒரு சின்னச் சந்தோஷம்.

தயங்க வேண்டிய கார்களும் உண்டு. ஃபோர்டு ஃபியஸ்டாவின் 1.0 ஈகோபூஸ்ட், பெஜோ, சிட்ரோன் கார்களின் 1.2 ப்யூர்டெக் ஆகிய எஞ்சின்களில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே சுழலும். காலப்போக்கில் அது உதிர்ந்து, துகள்கள் ஆயில் பாதையை அடைத்தால் எஞ்சினே போய்விடும். பெல்ட்டை மாற்றும் செலவு சின்ன வேலைக்கான செலவு அல்ல, ஆயிரம் பவுண்டைக்கூடத் தொடும். பத்து வயதை நெருங்கிய காரில் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் தொடாதீர்கள். ஆட்டோமேட்டிக் தேடுபவர்கள் சாதா கியர்பாக்ஸில் மோட்டார் பொருத்திய வகையைத் தவிர்ப்பது நல்லது. அய்கோவின் மல்டிமோட், 2010 வாக்கில் வந்த ஹோண்டா ஜாஸின் ஐ-ஷிப்ட் இரண்டும் அந்த வகை. டீசல் வேண்டவே வேண்டாம். குறுகிய தூரம் ஓட்டினால் எக்ஸாஸ்ட்டில் இருக்கும் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு லண்டன் முழுவதும் 2023 ஆகஸ்டிலிருந்து, புகை அதிகம் கக்கும் பழைய வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணம் நாளுக்கு 12.50 பவுண்ட். 2006 முதல் பதிவான பெட்ரோல் கார் பொதுவாகத் தப்பிவிடும். டீசல் என்றால் 2015 செப்டம்பருக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும்.

குறையைச் சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைக்கும் 'ரீகால்' இருக்கிறதா என்றும் நம்பரை வைத்துப் பார்த்துவிடுங்கள். 2025 ஜூனில் பழைய சிட்ரோன் சி3, டிஎஸ்3 கார்களை ஏர்பேக் மாற்றும்வரை ஓட்டவே வேண்டாம் என்று கம்பெனியே அறிவித்தது. அப்படி ஒன்று உங்கள் தலையில் விழக்கூடாது.

சரி, நேரில் பார்க்கப் போகிறீர்கள். பகலில், மழையில்லாத நேரத்தில், விற்பவரின் வீட்டுக்கே போங்கள். போனில் பேசும்போது "கார் விஷயமா பேசறேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். "எந்தக் கார்?" என்று திருப்பிக் கேட்டால் அவர் தனிநபர் வேடத்தில் இருக்கும் வியாபாரி. வியாபாரியிடம் வாங்குவது தவறில்லை. உண்மையில் பாதுகாப்பு அங்கேதான் அதிகம்: 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, குறை இருந்தால் 30 நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். தனிநபரிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. அதைத் தட்டிக்கழிக்கத்தான் இந்த வேடம்.

எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு, எஞ்சின் விளக்கு எரியவே இல்லையென்றால் அதுவும் கெட்ட செய்திதான், பிடுங்கி வைத்திருப்பார்கள். முதல் சில நொடிகளில் கலகலவென்று சங்கிலிச் சத்தம் வந்தால் செயின் தளர்ந்திருக்கிறது. பழைய வாக்ஸால் கோர்சாவில் இதைக் கவனித்துக் கேளுங்கள். குளிரில் வெள்ளை ஆவி வருவது சகஜம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

காரின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓபிடி ரீடர் இருபது பவுண்டுக்குள் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பிழைக் குறியீடு இருக்கிறதா என்பதோடு, காரின் சுய சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். நிறைய சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால் நேற்றோ இன்றோ யாரோ பிழைகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். எதற்கு என்று கேளுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கும் உங்களுக்குச் செல்லுபடியாகும் இன்சூரன்ஸ் வேண்டும். ஒரு நாளுக்கு, ஒரு மணி நேரத்துக்குக்கூட ஆன்லைனில் எடுக்கலாம். நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்துங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் முடிந்துவிட்டது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெல்ல வட்டமடிக்கும்போது டக் டக் என்றால் டிரைவ்ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது.

இன்சூரன்ஸ் பற்றி இன்னொன்று. புதிதாக வந்தவர்களுக்கு, அதுவும் இந்திய, இலங்கை லைசென்ஸில் ஓட்டும் முதல் 12 மாதத்தில், பிரீமியம் காரின் விலையையே தாண்டலாம். பார்க்கப் போகும் முன்பே அதே நம்பரைப் போட்டு எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். இரண்டு ஒரே மாதிரிக் கார்களுக்கிடையே எஞ்சின் அளவை வைத்துக்கூட நல்ல வித்தியாசம் வரும்.

பணம் கொடுக்கும் முன் சில பவுண்ட் செலவழித்து, கார் மேல் கடன் பாக்கி, திருட்டு, விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி கழித்துவிட்ட 'எஸ்' (S) அல்லது 'என்' (N) வகைப் பதிவு உண்டா என்று தனியார் சோதனை ஒன்று செய்துவிடுங்கள். வி5சி லாக்புக்கில், அதாவது காரின் பதிவுச் சான்றில், உள்ள முகவரி நீங்கள் நிற்கும் வீடாக இருக்க வேண்டும். கண்ணாடிக்குக் கீழே உள்ள சேசிஸ் எண் அதில் உள்ளதோடு பொருந்த வேண்டும். பழையவர் கட்டிய சாலை வரி உங்களுக்கு வராது. லாக்புக்கில் புதிய கீப்பருக்கான, அதாவது இனி காரை வைத்திருக்கப் போகும் உங்களுக்கான, பச்சைச் சீட்டில் இருக்கும் எண்ணை வைத்து அங்கேயே போனில் கட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

பட்ஜெட் மூவாயிரம் என்றால் இரண்டாயிரத்து ஐநூறுக்குள் தேடுங்கள். மீதிப் பணம் முதல் மாதமே போய்விடும்: ஆயில், ஃபில்டர், அநேகமாக இரண்டு டயர், நவம்பரில் ஒரு பேட்டரி.