லாக் டே ஏரிக்கரையில் ஒரு வாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் மலைகளுக்கு நடுவே 23 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது லாக் டே ஏரி. மேற்கு முனையில் கில்லின், கிழக்கு முனையில் கென்மோர். இடையில் இரண்டு கரைகளிலும் வாரக் கணக்கில் வாடகைக்கு விடும் காட்டேஜ்கள் இருக்கின்றன. சமையலறை, விறகு அடுப்பு, ஜன்னலைத் திறந்தால் ஏரி. குடும்பத்தோடு தங்க இதைவிட நல்ல இடம் எளிதில் கிடைக்காது. ஆனால் வருகிறவர்களில் பலர் அதைப் படுத்து எழும் இடமாக மட்டுமே வைத்துக்கொள்கிறார்கள். முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்.

ஒரு நாள் ஸ்கை தீவு, மறுநாள் லாக் நெஸ், அதற்கடுத்த நாள் எடின்பரோ என்று திட்டம் போடுவார்கள். ஸ்கையில் உள்ள போர்ட்ரீக்குப் போய்ச் சேரவே ஏறக்குறைய நான்கு மணி நேரம் பிடிக்கும். திரும்பி வர இன்னொரு நான்கு. பிள்ளைகள் பின் சீட்டில் தூங்கியே அந்த நாள் போய்விடும்.

பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். கில்லினில் டோகார்ட் ஆறு பாறைகளின் மேல் படிப்படியாக இறங்குகிறது, பழைய கல் பாலத்தில் நின்றே பார்க்கலாம். அங்குள்ள சிறு தீவில் மெக்நாப் குலத்தாரின் இடுகாடு இருக்கிறது. கென்மோர் பக்கம் கிரானாக் மையம். கிரானாக் என்றால் ஏரிக்குள் கட்டிய பழங்கால வீடு. இரும்புக் காலத்தில் இந்த ஏரிக்குள் மரத்தூண் நட்டு, அதன் மேல் வீடு கட்டி வாழ்ந்தவர்களின் வாழ்க்கையை அங்கே காட்டுகிறார்கள். அங்கே மாதிரியாகக் கட்டியிருந்த வீடு 2021 ஜூனில் எரிந்துபோனது; 2024இல் எதிர்க்கரையில் மையத்தைப் புதிதாகத் திறந்தார்கள். சிறிது தள்ளி ஃபோர்டிங்கல் கிராமத்துத் தேவாலய வளாகத்தில் யூ என்ற ஊசியிலை மரம் ஒன்று. வயது இரண்டாயிரம் ஆண்டுக்குக் குறையாது என்கிறார்கள். ஆண் மரமான அதன் ஒரு கிளையில் மட்டும் 2015இல் பழம் காய்த்தது. அங்கிருந்து கிளென் லயன் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தால் ஒரு முழு நாளும் போதாது.

முன்பதிவில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஸ்காட்லாந்தில் இப்படிப்பட்ட விடுமுறை வீடுகளுக்கு உள்ளூர் கவுன்சிலின் உரிமம் கட்டாயம். உரிம எண்ணும், எத்தனை பேர் தங்கலாம் என்பதும் விளம்பரத்தில் இருக்க வேண்டும். ஆறு பேருக்கான வீட்டில் சித்தி குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு ஒன்பது பேராகப் போய் இறங்காதீர்கள். வீட்டுக்காரரின் உரிமத்துக்கே அது சிக்கலாகும். கோடையில் பல வீடுகளை சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரைதான் விடுவார்கள். சாவி மாலையில்தான் கிடைக்கும் என்பதை வைத்துப் பயணத்தை அமையுங்கள்.

காட்டேஜ் எந்தக் கரையில் என்று கேட்காமல் பதிவு செய்வது அடுத்த தவறு. வடகரைச் சாலை சாதாரண இருவழிச் சாலை. தென்கரைச் சாலையில் ஒரு வண்டிதான் போக முடியும். அங்கங்கே ஒதுங்குவதற்கு இடம் விட்டுப் பலகை வைத்திருப்பார்கள். ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் போய் நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே உங்கள் பக்கத்திலேயே நின்று எதிர் வண்டிக்கு வழி விடுங்கள். பின்னால் வரும் உள்ளூர்க்காரர் வேலைக்குப் போகிறவராக இருப்பார், அவரையும் முந்திப் போக விடுங்கள். படம் எடுக்க ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். ஆம்புலன்ஸ் வந்தால் அதற்கும் அதே வழிதான்.

மளிகையை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு போகக் கூடாது. கில்லினிலும் அபர்ஃபெல்டியிலும் கடைகள் உண்டு. பால், ரொட்டி, முட்டைக்குப் போதும். துவரம்பருப்பையும் கறிவேப்பிலையையும் அங்கே எதிர்பார்க்காதீர்கள். கிளாஸ்கோ வழியாக வருகிறவர்கள் போலக்ஷீல்ட்ஸ் பகுதியில் வாங்கி வந்துவிடலாம். தாளிக்கும்போது சமையலறை ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை அலாரம் சட்டென்று கத்தும். குழாய்த் தண்ணீர் சில வீடுகளில் லேசான தேநீர் நிறத்தில் வரும். மலையின் கரிமண் கலந்த நிறம் அது. குடிக்கலாமா என்று வீட்டுக் குறிப்பேட்டில் எழுதியிருப்பார்கள், படித்துவிட்டுக் குடியுங்கள். கழிவுநீர் பெரும்பாலும் செப்டிக் டேங்குக்குப் போகும். ஈரத் துடைப்பான், நாப்கின், பொரித்த எண்ணெய் எதையும் உள்ளே விடக் கூடாது.

கோடையில் போகிறவர்கள் மிட்ஜை மறந்துவிடுகிறார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சின்னப் பூச்சி, கூட்டமாக வந்து கடிக்கும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, காற்றில்லாத ஈரமான காலையிலும் மாலையிலும் தொல்லை அதிகம். லேசாகக் காற்று வீசினாலே அதனால் பறக்க முடியாது. அதனால் மாலைச் சாப்பாட்டை வெளியே வைக்க நினைத்தால், முதலில் ஏரியைப் பாருங்கள். நீர் கண்ணாடியாக அசையாமல் கிடந்தால் உள்ளே சாப்பிடுங்கள், அலை எழும்பினால் மேசையை வெளியே போடுங்கள். விளக்கு எரியும் அறையின் ஜன்னலை இரவில் திறந்து வைக்காதீர்கள். பூச்சி அண்டாமல் தலையை மூடும் வலை சில பவுண்டுதான், ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மிட்ஜாவது எரிச்சலோடு முடிந்துவிடும். உண்ணி அப்படியில்லை, லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பக்கூடியது. பெரணிப் புதரிலும் நெடும்புல்லிலும் நடந்து வந்த அன்றைக்கே முழங்கால் மடிப்பு, அக்குள், பிள்ளைகளின் தலைமுடி எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவுவது, நெருப்பால் சுடுவது எதுவும் வேண்டாம். உண்ணி எடுக்கும் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுத்துவிடுங்கள். அடுத்த மூன்று மாதங்களுக்குள் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஏரியில் இறங்குவதைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். லாக் டேயின் ஆழம் 150 மீட்டருக்கும் மேல். வெயில் நாளில் மேல்நீர் இதமாகத் தோன்றும், இரண்டடி உள்ளே போனால் குளிர் நெஞ்சை அடைக்கும். அந்த அதிர்ச்சியில் மூச்சு தானாகவே வேகமாக இழுக்கும், நீச்சல் தெரிந்தவரும் தண்ணீரைக் குடித்துவிடுவார். தவறி விழுந்தால் கை கால் அடித்து நீந்தப் பார்க்காமல், மல்லாந்து மிதந்து மூச்சு சீராகும்வரை காத்திருக்க வேண்டும். காற்றடைத்த பொம்மைப் படகுகளைக் கொண்டுவராதீர்கள். கரையிலிருந்து காற்று வீசினால் சில நிமிடங்களில் பிள்ளையோடு ஏரி நடுவே போய்விடும். படகு எடுத்தால் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் அவசியம்.

வடகரையில் நிற்கும் பென் லாயர்ஸ் 1,214 மீட்டர். அடியில் பார்த்தால் பச்சைப் புல் மேடு என்று தோன்றும். கார் நிறுத்துமிடமே சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் எளிது என்று நம்பி டி-ஷர்ட்டோடு ஏறிவிடுகிறார்கள். உச்சியை மேகம் மூடும்போது பாதை மறையும், கோடையிலும் விரல் விறைக்கும். மழை ஜாக்கெட், காகித வரைபடம், திசைகாட்டி இல்லாமல் ஏறாதீர்கள். முந்தின இரவே மலைகளுக்கென்று வரும் வானிலை அறிக்கையைப் படியுங்கள். ஊருக்கான வானிலை உச்சிக்குப் பொருந்தாது. பனிக்காலத்தில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மலையேறாதவர்கள் அதே நிறுத்துமிடத்தைச் சுற்றியுள்ள இயற்கைப் பாதையில் நடந்து வரலாம், அதுவே நல்ல நடை.

2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலங்களில் யாரும் பொறுப்போடு நடக்கலாம். வீட்டுத் தோட்டத்துக்குள் போகவோ விளைந்த பயிரை மிதிக்கவோ அந்த உரிமை இடம் தராது. மூடியிருந்த கேட்டை மூடிவிட்டும், திறந்திருந்ததைத் திறந்தபடியே விட்டும் போங்கள். ஆட்டுக்குட்டிகள் இருக்கும் வயலுக்குள் நாயைக் கொண்டு போகவே கூடாது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மலைகளில் மான் வேட்டை மும்முரமாக நடக்கும், அறிவிப்புப் பலகை சொல்லும் பாதையில் போங்கள்.

கிளம்புவதற்கு முன் கைப்பேசியில் ஒரு வேலை. பள்ளத்தாக்குகளில் பேசுமளவுக்கு சிக்னல் கிடைக்காத இடத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும். ‘ரெஜிஸ்டர்’ (register) என்ற ஆங்கிலச் சொல்லை அவசர உதவி எண்ணான 999க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, வரும் பதிலில் சொன்னபடி பதிவு செய்துகொண்டால், ஆபத்தில் எழுத்திலேயே உதவி கேட்கலாம். பேச முடிந்தால் 999ஐ அழைத்து முதலில் போலீஸ் வேண்டும் என்று சொல்லுங்கள், பிறகு மலை மீட்புக் குழு என்று சொல்லுங்கள். இங்கே மலை மீட்புக் குழுவை வரவழைப்பது போலீஸ்தான்.