ஹாங்காங்கில் மேல்முறையீடும் தள்ளுபடியான பிறகு

"ஊருக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்" என்று கேட்ட ஒரு தம்பி, மேல்முறையீட்டு வாரியத்தின் தீர்ப்பு வந்த உறையை மூன்று வாரம் மெத்தைக்கு அடியில் வைத்திருந்தார். பிரிக்கப் பயம். நான் வக்கீல் இல்லை. எட்டு வருடமாக இங்கே தமிழ் ஆட்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பவள். என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் கதையைக் கேட்க மாட்டேன், உறையைக் கேட்பேன். அது வந்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள்.

ஹாங்காங்கில் அகதிகள் உடன்படிக்கை அமலில் இல்லை. "ஊருக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்" என்ற கோரிக்கையை 2014 மார்ச்சிலிருந்து குடிவரவுத் துறை எல்லாக் காரணங்களையும் சேர்த்து ஒரே விசாரணையாகப் பார்க்கிறது. அங்கே மறுத்தால் 14 நாளுக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக வேண்டும். வாரியமும் மறுத்தால், அட்மிரால்டியில் குயின்ஸ்வே 38ல் உள்ள உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு கேட்கலாம், அதாவது வாரியம் முடிவெடுத்த விதம் சட்டப்படி சரியா என்று பார்க்கச் சொல்லலாம்.

மறுஆய்வு கேட்கச் சட்டம் சொல்லும் கெடு: தாமதமில்லாமல், எப்படியும் மூன்று மாதத்துக்குள். மூன்று மாதம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். தாண்டிவிட்டால் ஏன் தாண்டியது என்று தனியாக விளக்க வேண்டும்; "பயமாக இருந்தது" என்பது அங்கே எடுபடாது. சட்ட உதவித் துறையில் உடனே மனுப் போடுங்கள். அவர்கள் வருமானத்தோடு வழக்கில் சத்து இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து நாளைத் தொலைக்காமல், மறுஆய்வு கேட்கும் படிவம் 86ஐ நீங்களே நிரப்பி நீதிமன்றத்தில் கொடுக்கலாம். கட்டணம் கட்ட வழியில்லை என்றால் தள்ளுபடி கேளுங்கள்.

சரி, அந்தப் படிவத்தில் என்ன எழுதுவது? எல்லாரும் சறுக்குவது இங்கேதான். ஊரில் நடந்ததை மறுபடி முதலிலிருந்து எழுதுகிறார்கள். நீங்கள் சொன்னது நிஜமா பொய்யா என்று தீர்மானிப்பது இந்த நீதிபதியின் வேலை இல்லை. வாரியம் முடிவெடுத்த விதத்தில் சட்டப் பிழை உண்டா என்று மட்டும்தான் பார்ப்பார். அதனால் தீர்ப்பை எடுத்து, பத்தி எண் பார்த்து, ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நான் பக்கத்தில் சிவப்புப் பேனாவோடு உட்காருவேன். ஒருமுறை "போலீசில் புகாரே கொடுக்கவில்லை" என்று ஒரு பத்தி வந்தது. அந்த அண்ணா கொடுத்த ஆவணங்களிலேயே புகார் நகல் இருந்தது! பிழை என்றால் அதுதான். "இன்ன பத்தி, இன்ன ஆவணம், பார்க்கவே இல்லை" என்று இரண்டே வரியில் எழுதினோம். வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று வாரியம் சொல்லியிருந்தால், உங்கள் நிலைமையில் அது முடியுமா என்று பார்த்துத்தான் சொன்னதா? மொழிபெயர்ப்பு தப்பாகப் போய், நீங்கள் அதைச் சொல்லியும் கண்டுகொள்ளாமல் விட்டார்களா? தேட வேண்டியது இப்படிப்பட்டவற்றைத்தான். 2004ல் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில்தான் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம், இவ்வகைக் கோரிக்கைகளை உயர்ந்த நியாயத் தரத்தோடு விசாரிக்க வேண்டும் என்றது.

காசு வாங்கிக்கொண்டு ஜெராக்ஸ் படிவம் விற்பவர்களும் உண்டு. பெயர் மட்டும் மாறும், காரணங்கள் அச்சு அசல் ஒன்றே. நீதிபதிகள் அதைப் பார்த்துச் சலித்துப் போயிருக்கிறார்கள்.

படிவத்தோடு பிரமாணப் பத்திரமும் வேண்டும். உங்கள் மொழியில் வாசித்துக் காட்டியபின் கையெழுத்துப் போடுங்கள்.

முதல் கட்டம், மறுஆய்வு வழக்கை நடத்த நீதிமன்றம் தரும் அனுமதி; 'லீவ்' என்பார்கள். பெரும்பாலும் காகிதத்தைப் பார்த்தே முடிவு செய்வார்கள். மறுத்தால் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக 14 நாள் கெடு. ஆனால் 2022 டிசம்பர் 7 முதல், அந்த முதல் மறுப்போடேயே குடிவரவுத் துறை உங்களை ஊருக்கு அனுப்பும் வேலையைத் தொடங்கலாம். எனவே லீவ் மறுத்த தாள் கைக்கு வந்த அன்றே ஒரு வக்கீலையோ உதவி அமைப்பையோ பாருங்கள்.

ஜெயித்தால்? வாரியத்தின் முடிவு ரத்தாகி, கோரிக்கை பெரும்பாலும் மறுவிசாரணைக்குத் திரும்பும். பாதுகாப்பு கிடைத்துவிட்டதாக நினைத்துக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதே புகார் நகல் மறுபடி வேண்டியிருக்கும்.