சங்கச் சந்தா: எவ்வளவு வாங்குவது, எதற்குச் செலவழிப்பது

பக்கத்துத் தொழிற்சங்கம் மாதச் சந்தாவாக நூறு ரூபா வாங்குகிறது, நாமும் நூறே வைப்போம் என்று தொடங்கினால் இரண்டாம் வருடமே கையிருப்பு தீர்ந்துவிடும். முதலில் செலவைப் போடுங்கள், சந்தா தானாக வரும்.

இலங்கையின் சம்மாந்துறைப் பக்கம் நெல் ஆலைத் தொழிலாளர் 120 பேரின் சங்கம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்குப் போக்குவரத்து, கூட்டங்கள் 60,000 ரூபா. காகிதாதி, கணக்காய்வு 36,000. வழக்குக்கு ஒதுக்குவது 60,000. மரண உதவி 15,000 வீதம் நான்கு பேருக்கு 60,000. மொத்தம் 216,000. இதை 120ஆல் பிரித்து மாதம் 150 என்று நிறுத்தாதீர்கள். எல்லோரும் ஒழுங்காகக் கட்டும் சங்கத்தை எங்கே கண்டீர்கள்? 90 பேர்தான் கட்டுவார்கள் என்று போட்டால் 200 வரும்.

பெரும்போகம், சிறுபோகம் இரண்டின் அறுவடையும் ஓய்ந்தபின் ஆலையில் வேலை குறையும். அந்த மாதங்களுக்கு அரைச் சந்தா என்று சங்கத்தின் யாப்பிலேயே, அதாவது விதிக்கோவையிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் வேலையில்லாதவர்தான் நிலுவைக்காரர் ஆவார்; பொதுக்கூட்டத்தில் வாக்குரிமை கேட்டுச் சண்டை அங்கேதான் கிளம்பும். சந்தாத் தொகை யாப்பில் இருந்தால், அதைக் கூட்டுவதும் யாப்புத் திருத்தம்தான். தொழிற்சங்கப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும்.

சம்பளத்தில் கழிக்க ஒவ்வொருவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். வசதிதான், ஆனால் அங்கத்தவர் பட்டியல் முழுவதும் முதலாளி கையில் போய்விடும். சிறிய ஆலைகளில் கையால் வாங்குவதே நல்லது.

பற்றுச்சீட்டில் இலக்கம், பெயர், எந்த மாதத்துச் சந்தா, தொகை, கையொப்பம் இருக்க வேண்டும். சீட்டைக் கிழித்தபின் புத்தகத்தில் மிஞ்சும் அடிக்கட்டையிலும் அதே விபரம். மாதம் எழுதாமல் விடுவதும், பத்துப் பேருக்கு ஒரே சீட்டு வெட்டுவதும்தான் வழமையான பிழைகள். கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, எந்தத் தொழிலாளருக்காகச் சங்கம் பேரம்பேச விரும்புகிறதோ அவர்களில் குறைந்தது 40 வீதத்தினர் அங்கத்தவராக இருந்தால், அந்தச் சங்கத்துடன் பேச முதலாளி மறுக்க முடியாது. எண்ணிக்கையை அவர் மறுக்கும் நாளில் இந்த அடிக்கட்டைகள்தான் கைகொடுக்கும்.

செலவுக்கு எல்லை 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம். நிருவாகம், கணக்காய்வு, வழக்கு, தொழிற்பிணக்கு, நோய் மரண உதவி எல்லாம் பொது நிதியில் போகலாம். அரசியலுக்குத் தனி நிதி, தனிப் பங்களிப்பு. தேர்தல் வேனுக்கு டீசல் அடித்த பில்லைப் பொது நிதியில் 'போக்குவரத்து' என்று எழுதினால், கணக்காய்வில் முதலில் சிக்குவது பொருளாளர்தான்.

வாங்கிய காசை அப்படியே செலவழிக்காமல் முதலில் வங்கியில் போடுங்கள். காசோலைக்கு இரண்டு கையொப்பம். சில்லறைச் செலவுக்குப் பொருளாளர் கையில் 5,000 போதும். அது தீர்ந்ததும் பில்களைக் காட்டியே அடுத்ததை எடுக்க வேண்டும்.