95 சதவீதத்திலேயே நின்ற தரவு மாற்றம்: என் அனுபவம்

வாடிக்கையாளர் விவரங்களைப் பழைய மென்பொருளிலிருந்து ஆரக்கிள் என்ற தரவுத்தளத்துக்கு மாற்றும் வேலை. வாராந்திர அறிக்கையில் மூன்று வாரமாக ‘95% முடிந்தது’, பச்சை நிறம். ஆனால் ஏற்றி முடித்து எண்ணினால் ஒவ்வொரு முறையும் அதே அளவு பதிவுகள் குறைந்தன.

முதலில் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டோம். அப்புறம் முகவரியில் வரும் காற்புள்ளி, விவரங்களைப் பிரிக்கும் குறியோடு குழம்புகிறதோ என்று. இரண்டு நாள் வீண்.

கடைசியில் அறிக்கையை மூடிவிட்டு, எஸ்கியூஎல் லோடர் (ஆரக்கிளில் தரவை ஏற்றும் கருவி) நிராகரித்த வரிகள் சேரும் கோப்பைத் திறந்தேன். எல்லாமே நீளமான தமிழ்ப் பெயர்கள். ‘மீனாட்சிசுந்தரம்’ நம் கணக்கில் 9 எழுத்து. ஆனால் மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படுவதால் யூனிகோடில் 16 குறியீடு; அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், ஆக 48 பைட். அட்டவணையில் பெயருக்கான பத்தியின் (column) அளவோ 40 பைட். பழைய மென்பொருளின் ஒரு பைட் எழுத்துருவில் இதெல்லாம் தாராளமாக அடங்கியிருந்தது. சோதனைத் தரவில் இருந்தவை ஆங்கிலப் பெயர்கள் மட்டும்.

பத்தியின் அளவை 40 பைட் என்பதிலிருந்து 40 கேரக்டர் (அதாவது 40 குறியீடு) என்று மாற்றினேன். ஏற்றினேன். எண்ணிக்கை சரியாக வந்தது. அப்பாடா!

லோடர் இயல்பாக 50 பிழை தாண்டினால் நின்றுவிடும். ‘பாதியில் நிற்கிறதே’ என்று யாரோ அந்த வரம்பை 9,99,999 ஆக்கியிருந்தார்கள். அதனால்தான் லோடர் நிற்காமல் வரிகளை ஒதுக்கிக்கொண்டே போனது. அதைப் பூஜ்யமாக்கினேன்; இனி ஒரு பிழை வந்தாலே நின்றுவிடும். இப்போது வெள்ளிதோறும் அசல் தரவில் ஓர் ஒத்திகை. சதவீதத்துக்குப் பதில் நிராகரித்த வரிகளின் எண்ணிக்கைதான் அறிக்கையில் போகிறது.