திருகோணமலை வெயிலுக்கு எந்தச் சாடி, எவ்வளவு பெரிசு?

சாடியின் வாயகலத்தைவிட ஆழத்தைப் பாருங்கள். முளைக்கீரை, வல்லாரைக்கு 6 அங்குல ஆழம் போதும். பச்சைமிளகாய்க்கு 10 முதல் 12 லீற்றர், கத்தரி, தக்காளிக்கு 15 முதல் 20 லீற்றர் வேண்டும். தேசிக்கு 40 லீற்றருக்குக் குறையக்கூடாது. 30 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. உயரமுமான நேர்ச்சாடி ஏறக்குறைய 21 லீற்றர் கொள்ளும். அடி ஒடுங்கினால் அதைவிடக் குறையும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண்சாடி பக்கங்களாலும் ஈரத்தை இழக்கும். சின்ன மண்சாடியில் மிளகாய் மத்தியானமே வாடிவிடும், பூவும் கொட்டும். அந்தக் காலத்துக்கு வெளிர்நிறப் பிளாஸ்ரிக் வாளியே நல்லது. கறுப்பு வாளி வெயிலில் வேரை அவித்துவிடும்.

வாளியின் அடியில் அரை அங்குலத் துளை ஐந்தாறு போட்டு, இரண்டு செங்கல்லின்மேல் வையுங்கள். மாரி மழையில் துளை அடைபட்டால் வேர் அழுகும். அடியில் கல் பரப்புவது பலரது வழக்கம். அது வடிகாலுக்கு உதவாது, வேருக்கான இடத்தைத்தான் குறைக்கும். துளையில் தென்னந்தும்பு ஒரு பிடி போதும்.

கடற்கரைப் பக்கத்துக் கிணற்றுநீர் உவர்ப்பென்றால், துளைவழி வழியும்வரை ஊற்றுங்கள். அரைகுறையாக ஊற்றினால் உப்பு மண்ணிலேயே தங்கி இலைநுனி கருகும். உவர்நீர் மட்டுமே உள்ள வீட்டில் சாடியை ஓர் அளவு பெரிதாக எடுங்கள்.