புது ஏடிஎம் மெஷின் வந்து இறங்கும்போது பண்ற சொதப்பல்கள்

இரும்புப் பெட்டிதானே, என்ன ஆயிரப் போவுதுன்னு நெனச்சுதான் பாதி பேரு மெஷின கெடுக்காங்க. இரும்பு கீழ்ப்பாதி மட்டுந்தான், பணம் இருக்கிற சேஃப் அது, மேல ஸ்கிரீன், கார்டு ரீடர், பிரிண்டர், கம்ப்யூட்டர்னு எல்லாமே தட்டுனா போயிரும். அதனால ஸ்கிரீன் பக்கம் பிளாஸ்டிக் முகப்புல கைய வச்சுத் தள்ளவே கூடாது, லோடுமேன் அண்ணன்மாருக்கு இத முதல்லயே சொல்லிருங்க.

வழிய அளக்காம வண்டிய வரச் சொல்றது அடுத்த கூத்து. பேங்க்ல வைக்கிற மெஷின் அரை டன், அதுக்கு மேல கூட இருக்கும், கடைக்குன்னு வர்ற சின்ன மாடல்தான் நூறு கிலோ சொச்சம். நம்ம திருநெல்வேலி டவுன் பக்கம் பாதி கடைக்கு முன்னால வாறுகால் மூடி, அதாவது சாக்கடை மேல போட்ட சிலாப், அதத் தாண்டி ரெண்டு படி, பேலட் ஜாக்க, அதான் லோடத் தூக்கித் தள்ளுற கைவண்டிய, அந்த மூடி மேல உருட்டுனா சிலாப் ஒடஞ்சு மெஷின் சரிஞ்சிரும், கனமான இரும்புத் தகடு போட்டுத்தான் ஏத்தணும். ஆனித் தேரோட்டம் நடக்கும்போது ரத வீதிக்குள்ள லாரிய வரச் சொல்ற புண்ணியவானும் இருக்காங்க, தேதியக் கொஞ்சம் பாருங்கவே.

இறக்குன உடனே சலான்ல கையெழுத்து போடாதீங்க. டிரைவரு "அண்ணாச்சி, நாகர்கோவில் லோடு கெடக்கு, சீக்கிரம் போட்டுக் குடுங்க"ன்னு நிப்பாரு, நிக்கட்டும். பேக்கிங் மேல ஒட்டியிருக்கிற டில்ட் ஸ்டிக்கர், ஷாக் ஸ்டிக்கர் ரெண்டையும் பாருங்க, வழியில சாஞ்சிருந்தா, இடி வாங்கியிருந்தா கலர் மாறிக் காட்டிக் குடுத்துரும். மாறியிருந்தா உடனே திருப்பி அனுப்பணும்னு இல்ல, சலான்லயே எழுதி டிரைவர்ட்ட கையெழுத்து வாங்கி நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டுப் பிரிங்க. சுத்தமா கையெழுத்து போட்டுட்டு மறுநாள் ஸ்கிரீன் கீறல்னு சொன்னா எவன் கேப்பான்.

பிரிக்கும்போது பிளேட ஆழமா விடாதீங்க. மெஷின அடியில இருக்கிற பேலட்டோட, அதாவது மரப்பலகைச் சட்டத்தோட சேத்து போல்ட் போட்டிருப்பாங்க, அதக் கழட்டாம கடப்பாரைய வச்சு நெம்புறது ரொம்ப சாதாரணமா நடக்கு, அடிப்பாகம் நெளிஞ்சா அப்புறம் தரையில நேரா உக்காராது. உள்ள பார்ட்ஸ் ஆடாம இருக்க லாரிக்காக டைட் பண்ணின ஸ்க்ரூ, பட்டை, டேப்னு இருக்கும், மேனுவலப் பாத்து அத்தனையும் எடுத்துட்டுத்தான் கரண்டு குடுக்கணும். தெர்மாகோல், அட்டைய அன்னைக்கே ஆக்கர்கடைக்கு, அதான் பழைய சாமான் கடைக்குப் போடாதீங்க, சாவிக்கவர் அதுக்குள்ளதான் எங்கயாவது ஒட்டிக் கெடக்கும்.

எல்லாத்தையும் விட காசு தின்னுறது சேஃப் கதவு. கதவத் தெறந்து வச்சுக்கிட்டே லாக்க ரெண்டு மூணு தடவ போட்டு எடுத்துப் பாக்கணும், பாக்காம சாத்திட்டா, லாக் மக்கர் பண்ணா, டிரில் போட ஆளு வரணும்வே.

இறக்குன மெஷின போல்ட் போடாம ராத்திரி அப்படியே விட்டுட்டுப் போறதும் வேண்டாம், ஏடிஎம்ம சுவரு, தூண், தரைன்னு எதோடயாவது பிணைச்சு வைக்கணும்னு ரிசர்வ் பேங்க் 2019-லயே சொல்லியாச்சு, ஏர்போர்ட் மாதிரி காவல் பலமா இருக்கிற எடத்துக்கு மட்டுந்தான் விலக்கு.